மேட்டுப் பக்கம் நில்லுங்கள், மதினி

அன்பான பவளம் மதினிக்கு,

கொழும்புக்குப் போய்விட்டு வந்துவிட்டேன். பையைக்கூட இன்னும் முழுதாகப் பிரிக்கவில்லை. இங்கே கோட்டகலையில் விடியற்காலைப் பனி முற்றத்துப் புல்லெல்லாம் உப்புத் தூவினது மாதிரி கிடக்கிறது. அடுப்புக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, அக்கம்பக்கத்தார் வந்து கதை கேட்பதற்கு முன்னால் உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

நாம் இரண்டு பேருமாகப் போவதாக இருந்த பயணம் இது. உங்கள் மகன் சுதாகரனும் என் மகள் கலாவும் கொழும்பில் குடித்தனம் வைத்த நாளிலிருந்து பேசிப் பேசித் தேய்த்த பயணம். சம்பந்திகள் என்றால் கல்யாணப் பந்தலில் முறைத்துக்கொள்வதும், பிறகு நல்லது கெட்டதுக்குத் தலைகாட்டுவதும்தான் ஊர் வழக்கம். நாமும் ஒரு வருடம் முறைத்தோம். அப்புறம் எப்படியோ தினமும் பொழுதுசாய போன் பண்ணாவிட்டால் இருவருக்கும் தூக்கம் வராது என்றாகிவிட்டது.

"மதினி, மார்கழியில போவோம். இங்க வெறைக்கிற நேரத்துல அங்க போய் சும்மா உக்காந்து வேர்க்கணும்" என்பீர்கள். முப்பது வருடத்துக்கு மேல் தேயிலைக் கூடையோடு மலையேறி வேர்த்த உடம்பு. உட்கார்ந்தபடியே வேர்ப்பது எப்படி இருக்கும் என்று பார்க்க உங்களுக்கு ஓர் ஆசை.

போன மார்கழியில் பெட்டி கட்டித் தயாராகத்தான் இருந்தீர்கள். "வீடு சின்னதா இருக்கும்மா. கொஞ்சம் பெரிய வீடா பாத்துட்டுக் கூப்பிடுறேன், அடுத்த வருசம் வாங்க" என்றார் சுதாகரன். நல்ல மனதோடுதான் சொன்னார். நீங்களும் சரி என்றீர்கள். ஆடி மழையில், ஒரு வாரக் காய்ச்சலில், நீங்கள் போய்விட்டீர்கள். புது வீட்டுக்கு அவர் முன்பணம் கட்டியிருந்த சமயம் அது.

அதற்கப்புறம் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும் அல்லவா? கலா எனக்குப் போன் பண்ணுவாள். "அம்மா, அவரு வேலைக்குப் போறாரு, வாராரு, சோறு சாப்பிடுறாரு. அவ்வளவுதாம்மா. உங்க பேத்தி அனு மடியில ஏறி உக்காந்தாக்கூட தலையத் தடவிட்டு சும்மா இருக்காரு. அத்தையப் பத்தி ஒரு வார்த்தை எடுத்தா எந்திரிச்சு வெளிய போயிடுறாரு." அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை மதினி. கருமாதி வீட்டில் அத்தனை பேர் அழுதபோதும் அவர் பந்தல்காரருக்கு வழி சொல்லிக்கொண்டு நின்றதை நானே பார்த்தேன்.

அதனால்தான் போனேன். ஊர் பார்க்க என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் வேண்டிக்கொண்டது ஒன்றுதான். அம்மா என்ற பேச்சு ஒரு தடவை அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து வந்துவிட வேண்டும். கல்லை விழுங்கினவர் மாதிரி எத்தனை நாள் இருப்பார்?

மார்கழியில் கோயில் விளக்கை விட்டுவிட்டு எப்படி வெளியூர் போனேன் என்று கேட்பீர்கள். விளக்கேற்றுகிற முறையை உங்கள் அண்ணனிடம், அதுதான் என் வீட்டுக்காரரிடம், ஒப்படைத்தேன். "வெளக்கு ஏத்துறேன். பாட்டெல்லாம் படிக்கச் சொல்லாத, அம்மன் எந்திரிச்சு ஓடிரும்" என்றார். எனக்குத் தெரிந்த எழுத்தெல்லாம் அந்த அம்மன் பாட்டுப் புத்தகத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்துக் கற்றுக்கொண்டதுதானே. ஆகவே புத்தகத்தையும் பையில் வைத்துக்கொண்டேன். எங்கிருந்து படித்தாலும் அவளுக்குக் கேட்கும்.

இரண்டு ஸ்வெட்டர், ஒரு கம்பளிச் சால்வை, காலுக்கு உறை, தலைக்குத் துண்டு. இப்படித்தான் ரயில் ஏறினேன். சிங்கமலைச் சுரங்கத்தைத் தாண்டி, ஹட்டனைத் தாண்டி, றொசல்ல வந்தது. அங்கே நீங்கள் ஏறுவதாகப் பேச்சு. ஜன்னல் சீட்டை உங்களுக்கென்று பையை வைத்துப் பிடித்து வைத்திருந்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. கை தன்பாட்டில் செய்துவிட்டது. றொசல்லவில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி ஏறினாள். பையை எடுத்துக்கொண்டு அவளை உட்காரச் சொன்னேன். உங்களுக்குச் சம்மதம்தானே?

நாவலப்பிட்டியில் ஒரு ஸ்வெட்டரைக் கழற்றினேன். பேராதனைக்கு அப்பால் சால்வை. பொல்காவலையில் மற்ற ஸ்வெட்டரும் காலுறையும். கோட்டை ஸ்டேசனில் இறங்கும்போது என் மேல் இருந்ததைவிடப் பையில் இருந்த துணிதான் அதிகம். அந்தப் பிள்ளைத்தாய்ச்சி சிரிக்கிறாள்: "அம்மா, இன்னும் ரெண்டு ஸ்டேசன் இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

சுதாகரன் ஸ்டேசனுக்கு வந்திருந்தார். "வாங்க அத்தை. பயணம் நல்லா இருந்துச்சா?" பையை வாங்கிக்கொண்டார். வெள்ளவத்தை வரைக்கும் பஸ்ஸில் அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

புது வீடு நல்ல வீடு மதினி. இரண்டு அறை. கிழக்குப் பார்த்த ஜன்னல். உங்கள் படத்தைச் சாமிப் படங்களுக்குக் கொஞ்சம் தள்ளி மாட்டியிருக்கிறார்கள். அதற்கு நேர் எதிரே நாற்காலியைப் போடாமல், சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்காருகிறார் உங்கள் மகன்.

சனிக்கிழமை சாயங்காலம் மெல்லப் பேச்சைத் தொடங்கினேன். "மாப்பிள்ள, நாளைக்கு லீவுதானே? உங்கம்மாவும் நானும் பாக்கிறதா வச்சிருந்ததையெல்லாம் பாத்துட்டு வந்துருவோமா?"

அவர் அனுவின் சப்பாத்துக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "வருசம் முடியலையே அத்தை. தொக்க வீட்டுக்காரங்க சுத்திப் பாக்கப் போலாமா? நீங்கதான் இதுல எல்லாம் கரெக்டா இருப்பீங்க."

என் ஆயுதத்தையே எடுத்து என் மேல் வைத்துவிட்டார். உண்மைதான், துக்க வீட்டில் பலகாரம் சுடக்கூடாது, பண்டிகை கூடாது என்று ஊருக்கே சட்டம் சொல்கிறவள் நான். ஆனாலும் நீங்கள் கேட்டது பண்டிகையா மதினி? வேர்ப்பது பண்டிகையா? "சாமிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நீங்க வரலைன்னாலும் நானும் கலாவும் அனுவும் போறோம்" என்றேன். "போயிட்டு வாங்க அத்தை" என்று கதவைத் திறந்துகொண்டு மாடிப்படியில் இறங்கிவிட்டார்.

மறுநாள் காலை கிளம்பினோம். வாசலில் நின்று, ஊரில் திருவிழாவுக்குப் போகும்போது சொல்கிற மாதிரியே சொன்னேன்: "தவறிப் போனா மேட்டுப் பக்கமா ஏறி நில்லுங்க. நானும் அங்கதான் நிப்பேன்." கலா செருப்பை மாட்டிக்கொண்டே, "சரிம்மா, சரிம்மா" என்றாள். இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

முதலில் புறக்கோட்டைத் துணிக்கடை. "ஒரு கடைக்குப் போய் முப்பது சேலைய எறக்கிப் போடச் சொல்லி, ஒண்ணு விடாம தொட்டுப் பாத்துட்டு, ஒண்ணும் வாங்காம எந்திரிச்சு வரணும் மதினி" என்று சொல்வீர்களே, அந்தக் காரியம். தீபாவளிக்கு ஹட்டனில் கடைக்காரர் காட்டின முதல் சேலையையே பயந்து பயந்து வாங்கினவர்களுக்குத்தான் இந்த ஆசையின் அருமை தெரியும்.

கடைப் பிள்ளை நம் பக்கத்துப் பேச்சுக்காரன். "அம்மா, என்ன வெலையில பாக்குறீங்க?"

"வெலைய அப்புறம் பாப்போம் தம்பி. மொதல்ல அந்த ஊதாவ எடுங்க. அதுக்கு மேல இருக்கிற கிளிப்பச்சை. அது பக்கத்துல அரக்கு."

மேசை மேல் மலை மாதிரி குவிந்தது. கலா என் முழங்கையைக் கிள்ளுகிறாள். "போதும்மா. அந்தப் புள்ளைக்கு மூச்சு வாங்குது."

"உங்க மாமியாரு முப்பதுன்னாங்கடி. இப்பத்தான் பாதி."

அந்தப் பிள்ளை கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, இன்னும் ஒண்ணு எறக்கினேன்னா நானே அதக் கட்டிக்கிட்டுக் கல்லாவுல போய் உக்காந்துருவேன்" என்றான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "வீட்டுல கேட்டுட்டு வாரோம் தம்பி" என்று எழுந்துவிட்டேன். முப்பது ஆகவில்லை. மிச்சத்தை மன்னித்துக்கொள்ளுங்கள், அவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளை.

வெளியே வந்தால், அம்மாடி, நத்தார்க் கூட்டம். கிறிஸ்துமஸ் சாமான் வாங்க ஆளை ஆள் தள்ளிக்கொண்டு போகிற கூட்டம். அனு ஒரு பொம்மைக் கடை முன்னால் நின்றுவிட்டாள். அவளை இழுக்கக் கலா திரும்பினாள். மூட்டை ஏற்றின கைவண்டி ஒன்று எங்களுக்கு நடுவில் வந்தது. வண்டி தாண்டிப் போனதும் பார்க்கிறேன், கலாவையும் காணோம், அனுவையும் காணோம். என் போனோ கலாவின் பையில். திருடர்கள் இருப்பார்கள் என்று நானேதான் அதில் போடச் சொன்னேன்.

பயப்படவில்லை. அதுதான் வேடிக்கை. "மேட்டுப் பக்கம்" என்று காலையில் சொல்லியாயிற்று, ஏறி நிற்க வேண்டியதுதான் என்று நடந்தேன். கொஞ்ச தூரம் போனபிறகுதான் உறைத்தது. ஏறுவதற்கு மேடு எங்கே?

நம் ஊரில் இதைப் பால்குடி மறந்த பிள்ளைக்கும் சொல்லிக்கொடுத்திருப்போம். கொழுந்து பறிக்கிற மலையில் பனிமூட்டம் இறங்கி, கையை நீட்டினால் கை தெரியாத நேரத்தில், கூட்டத்தை விட்டுத் தவறினவர்கள் கீழே இறங்கக்கூடாது. கீழே தண்ணீர் ஓடுகிற கானும் பள்ளமும் இருக்கும். மேட்டு ரோட்டுக்கு ஏறி ஒரே இடத்தில் நிற்க வேண்டும். தேடுகிறவர்களும் அங்கேதான் வருவார்கள். மலையில் நிற்கிற ஒருவருக்கு எது மேடு எது பள்ளம் என்று கால் சொல்லிவிடும். இந்தக் கொழும்புத் தெரு ரொட்டி தட்டின பலகை மாதிரி கிடக்கிறது. கால் ஒன்றுமே சொல்லவில்லை.

கையிலிருந்த போத்தல் தண்ணீரை ஓரமாகக் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தேன். எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் மேடு. அது எந்தப் பக்கமும் ஓடாமல் என் காலைச் சுற்றித் தேங்கி நின்றது. பழக்கடைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, சிங்களத்தில், "என்னம்மா, ரோட்டுக்குத் தண்ணி ஊத்தினா என்ன மொளைக்கும்?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், "தம்பி, மலைப் பக்கம் எது?" என்றேன். அவர் தெருவை இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, "அம்மே, இது கொழும்பு!" என்றார்.

அப்போதுதான் அந்தக் கைவண்டிக்காரர்களைக் கவனித்தேன். மூட்டையோடு நிமிர்ந்து தள்ளிக்கொண்டு வருகிறார்கள். ஒரு மூலை திரும்பினதும் எல்லாருடைய முதுகும் ஒரே மாதிரி குனிகிறது, குதிகால் தரையை விட்டு எழும்புகிறது. கூடை சுமந்து ஏறுகிறவர்களின் முதுகைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த மூலையில் போய் நின்றேன். கண்ணுக்குத் தெரியாத ஏற்றம். ஆனாலும் ஏற்றம்தான். அதன் உச்சியில் ஒரு பூட்டின கடையின் படி. அதில் ஏறி நின்றுகொண்டு, பாட்டை மனதுக்குள் சொல்ல ஆரம்பித்தேன்.

கலா அங்கே பதறிப் போயிருக்கிறாள். பிறகு சொன்னாள். அழுதுகொண்டே வீட்டுக்குப் போன் பண்ணியிருக்கிறாள். சுதாகரன் ஆட்டோ பிடித்து வந்து, அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். "காலையில அத்தை என்ன சொன்னாங்க?"

"தவறிப் போனா மேட்டுப் பக்கம் நிக்கச் சொன்னாங்க. இங்க ஏதுங்க மேடு?"

"இருக்கு. நீ அனுவ வச்சுக்கிட்டு இங்கயே நில்லு."

நான் பாட்டில் பாதி வந்திருந்தேன். கூட்டத்துக்கு மேலே ஒரு தலை நேராக என்னைப் பார்த்து வருகிறது. அங்கே இங்கே தேடவில்லை மதினி. கோடு போட்ட மாதிரி நேராக வந்தது. படிக்குக் கீழே வந்து நின்று, இடுப்பில் கை வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு அந்தத் தெருவைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது. முதலில் மூக்கால், பிறகு தோள் குலுங்க.

"அத்தை! இம்புட்டு வருசமா கொழும்புல மேடு தேடின ஒரே ஆளு நீங்கதான்."

"கண்டுபுடிச்சேன்ல?" என்றேன். "நீங்க எப்படி நேரா வந்தீங்க?"

"நான் தெனமும் வேலை முடிஞ்சு இந்த ஏத்தத்துலதான் பஸ்ஸுக்கு நடக்கிறேன். கூட வாரவங்ககிட்ட ஏத்தமா இருக்குன்னா சிரிப்பாங்க. நம்ம காலுக்குத்தான் தெரியும்." நான் நின்ற படியைப் பார்த்தார். "எங்கம்மா வந்திருந்தாலும் இங்கதான் வந்து நின்னிருப்பாங்க."

எங்கம்மா. அந்தச் சொல்லை அவரே சொன்னார் மதினி. நான் எடுத்துக் கொடுக்கவில்லை. சிரித்த முகம் அப்படியே நின்று, கண் மட்டும் நிரம்பியது. படியில் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். வீதியில் அத்தனை ஜனம். யாரும் எங்களைப் பார்க்கவில்லை. பெரிய ஊரில் அது ஒரு வசதி.

பிறகு பேசினார். சின்ன வயதில் உங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து மூட்டத்தில் தவறின கதை. நீங்கள் எத்தனையோ தடவை எனக்குப் போனில் சொன்ன கதைதான். ஆனாலும் குறுக்கே பேசாமல் கேட்டேன். மேட்டு ரோட்டில் போத்தலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாராம். நீங்கள் மூட்டத்துக்குள்ளிருந்து வந்தீர்களாம். இதுவரை நீங்கள் சொன்ன கதைதான். நீங்கள் சொல்லாத ஒன்றை அவர் சொன்னார். "அம்மா திட்டல அத்தை. கூடையில இருந்த கொழுந்தையெல்லாம் ரோட்டு ஓரத்துல கொட்டிட்டு, என்னைத் தூக்கிக் கூடைக்குள்ள உக்கார வச்சு, கூடைக் கயித்தத் தலையில மாட்டிக்கிட்டு நடந்தாங்க. நான் பெரிய பையன், காலெல்லாம் வெளிய தொங்குது. எறங்குறேன்னு சொல்றேன், எறக்கவே இல்ல."

கொழுந்தைக் கொட்டினீர்களா மதினி? அரை நாள் பறித்ததை? கங்காணி என்ன சொன்னார்? இத்தனை வருடம் என்னிடம் ஏன் சொல்லவில்லை?

அந்த நேரம் பார்த்துத்தான் நானும் சொன்னேன். அதுவரை அவரிடம் சொல்லத் துணியாதது. "மாப்பிள்ள, உங்கம்மாவுக்குக் கொழும்புல பாக்க நெறைய ஆசை இருந்துச்சு. ஆனா கடலவிட, கடையவிட, ஒண்ணு சொல்லுவாங்க. எம் மகன் உக்காந்து வேலை செய்யிற நாற்காலிய ஒரு தடவ பாக்கணும்னு."

அவர் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து, என் கையைப் பிடித்துப் படியிலிருந்து இறக்கினார். "பக்கத்துலதான் அத்தை. வாங்க."

கலாவையும் அனுவையும் கூட்டிக்கொண்டு போனோம். கலா என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்துவிட்டு, உடனே திட்டினாள். அவர் கணக்கு எழுதுகிற இரும்புச் சாமான் கடை ஞாயிறென்று பூட்டியிருந்தது. முன்பக்கம் கண்ணாடி. கையை நெற்றியில் வைத்து உள்ளே பார்த்தேன். மூன்று மேசை. "நடுவுல இருக்கிறதா?" "இல்ல, சொவரோரமா இருக்கு பாருங்க, அது." கறுப்பு நாற்காலி, சுழல்கிற நாற்காலி. அதன் முதுகில் என்ன தொங்கிக்கொண்டிருந்தது தெரியுமா? அந்த மரக்கறிப் பச்சை ஸ்வெட்டர். வேலை கிடைத்துக் கிளம்பின அன்று, "கொழும்புக்கு யாராவது ஸ்வெட்டர் கொண்டு போவாங்களாம்மா?" என்று அவர் சண்டை போட, "குளிரும்டா, வச்சுக்க" என்று நீங்கள் பெட்டிக்கு அடியில் திணித்தீர்களே, அதுதான்.

"உள்ள ஏசி அத்தை" என்றார். "நம்ம ஊரு மார்கழி தோத்துரும். தெனமும் அதப் போட்டுக்கிட்டுத்தான் வேலை செய்யிறேன். கூட இருக்கிறவங்களுக்கு ஜலதோசம், எனக்கு ஒண்ணுமில்ல." கண்ணாடியில் மூச்சு படிந்ததைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "அம்மாகிட்ட சொல்லணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். சொல்லவே இல்ல."

நான் சொல்லிவிட்டேன் மதினி. இதோ, உங்களிடம். நீங்கள் கொடுத்தது வீணாகவில்லை. தினமும் உங்கள் மகனின் தோளில் கிடக்கிறது.

அதற்கப்புறம் அன்றைய பகல் தன்னால் நடந்தது. அவரே கூட்டிக்கொண்டு போனார். ஒரு பெரிய மாடிக் கடை, உள்ளே நகரும் படி. கூடையோடு ஏறி முழங்கால் தேய்ந்தவர் நீங்கள். "சும்மா நின்னா போதுமாம் மதினி, அதுவே மேல கொண்டுபோய் விடுமாம்" என்று குழந்தை மாதிரி சொல்வீர்கள். படி என்பதால் பழக்கதோசத்தில் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனேன். "அம்மே! அம்மே!" என்று காவல்காரர் ஓடிவருகிறார். சுதாகரன் என் தோளைப் பிடித்து நிமிர்த்தி, "அத்தை, இது கோயில் படி இல்ல, நிக்காது" என்றார். எனக்காக ஒரு தடவை, உங்களுக்காக ஒரு தடவை ஏறினேன். மூச்சு வாங்காமல் உயரத்துக்குப் போவது பாவம் மாதிரி இருக்கிறது முதலில். இரண்டாவது தடவை பிடித்துவிட்டது. மூன்றாவது தடவை ஏன் என்று கேட்காதீர்கள். அனு கேட்டாள் என்று சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் காலிமுகத் திடல். எங்கும் பட்டம். அனுவுக்கு ஒன்று வாங்கி, அப்பனும் மகளும் ஓடுகிறார்கள். கலா இறால் வடை தின்றாள். நான் மார்கழி விரதக்காரி, அவித்த கடலையோடு நிறுத்திக்கொண்டேன். ஒரு பெட்டிக்கடையில் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து குடித்து முடித்ததும் அந்தப் பெண், "இன்னொண்ணு ஊத்தவா அம்மா?" என்று கேட்டாள். நம்மை யார் அப்படிக் கேட்டிருக்கிறார்கள்? ஊற்றச் சொன்னேன்.

அப்புறம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மார்கழி மாதம், தோளில் சால்வை இல்லை, நெற்றியில் வேர்வை முத்து முத்தாக இறங்குகிறது. துடைக்கவில்லை. நீங்கள் சொன்னது சரிதான். அது ஒரு சுகம். கலா விசிற வந்தாள், "விடுடி" என்றேன்.

நான் ஊருக்குத் திரும்புவதற்கு முன்னால் இன்னொன்றும் நடந்தது. திங்கட்கிழமை வேலை விட்டு வந்தவர் ஒரு பொட்டலத்தை என் மடியில் வைத்தார். அரக்கு நிறச் சேலை. "ஆடியில திவசத்துக்கு அம்மாவுக்கு வச்சுப் படைக்க" என்றார். அதே கடையில் வாங்கியிருக்கிறார். "எறக்கிப் போடுங்கன்னேன் அத்தை. அந்தப் பையன், 'அண்ணே, நேத்து ஒரு அம்மா வந்து எறக்கச் சொன்னதையே இன்னும் மடிச்சு முடிக்கல, அதுலயே பாருங்க'ன்னுட்டான்." சொல்லிவிட்டு அவரும் கலாவும் சிரித்த சிரிப்பு உங்கள் படம் வரைக்கும் கேட்டிருக்கும். நாற்காலியும் இப்போது திரும்பியிருக்கிறது. உங்களுக்கு நேராக.

ஒன்றும் வாங்காமல் வர வேண்டும் என்றுதான் நீங்கள் ஆசைப்பட்டீர்கள். அது நடக்கவில்லை. கோபமில்லையே?

செலவு எழுதி வைக்கிற என் குணம் உங்களுக்குத் தெரியும், நேற்று வந்ததும் உட்கார்ந்தேன். பஸ், ஆட்டோ, பட்டம், வடை எல்லாம் எழுதினேன். நகரும் படிக்கு நேரே "இலவசம்" என்று எழுதும்போது உங்கள் அண்ணன் எட்டிப் பார்த்து, "இதையெல்லாமா எழுதுவ?" என்றார். நான் எழுதினேன். வந்ததை வந்ததாக எழுத வேண்டும்.

இங்கே எல்லாம் நலம். விளக்கு ஒரு நாளும் தவறவில்லையாம். அம்மனும் எழுந்து ஓடவில்லை.

ஆடியில் அவர்கள் மூவரும் றொசல்லவுக்கு வருகிறார்கள். முழு வாரமும் தங்கப் போவதாக மாப்பிள்ளையே சொன்னார், தன்னை நீங்கள் கூடையில் சுமந்துவந்த அந்த மேட்டு ரோட்டை அனுவுக்குக் காட்ட வேண்டுமாம். அரக்குச் சேலையை வைத்துப் படைப்போம். அதுவரை அது என் பெட்டியில், கற்பூரம் போட்டு, பத்திரமாக இருக்கும். திவசம் முடிந்து வருகிற மார்கழியிலும் போவேன். றொசல்ல வரைக்கும் ஜன்னல் சீட்டைப் பிடித்து வைப்பேன். அந்தத் துணிக்கடைப் பிள்ளையிடம் மிச்சச் சேலைகளையும் இறக்கச் சொல்வேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

அதற்கப்புறமும் ஒரு நாள் வரும். எனக்கு அவசரமில்லை மதினி, அனுவின் கல்யாணம் வரைக்கும் வேலை இருக்கிறது. ஆனால் வரும்போது அந்த ஊரும் எனக்குப் புதுசு, கூட்டமும் பெருசு. நீங்கள் அங்கே இங்கே அலைய வேண்டாம். மேட்டுப் பக்கமாகப் பார்த்து நில்லுங்கள். நான் நேராக வந்துவிடுவேன்.

உங்கள் மகனுக்கு மாமியாராக வாய்த்த,
உங்கள் மதினி
தெய்வானை